ஓரத்திலிருந்து தேயும் பார்வை

கண்புரைக்கு ஊரில் பெயர் உண்டு. நாற்பதைத் தாண்டி எழுத்து மங்கினால், அதற்கும் வெள்ளெழுத்து என்று ஓர் அழகிய சொல் இருக்கிறது. கிளாக்கோமாவுக்கு மட்டும் மண்ணச்சநல்லூரில் எங்கள் தெருவில் எவரிடமும் சொல் இல்லை. 'கண் அழுத்தம்' என்று மருத்துவர்கள் சொன்னால், இரத்தக் கொதிப்பின் இன்னொரு வடிவமாக எண்ணிக்கொள்பவர்களே அதிகம்.

அரிசி ஆலையில் நாற்பதாண்டுகள் கணக்கெழுதிய எங்கள் அப்பாவுக்கு, நோய் கண்டறியப்பட்ட அன்றும் பேரேட்டின் எண்கள் தெளிவாகவே தெரிந்தன. இந்நோயின் வஞ்சகமே அதுதான். நடுப்பார்வையை விட்டுவைத்து ஓரங்களைத் தின்கிறது. தின்ற இடத்தில் இருள்கூடத் தெரிவதில்லை. இல்லாததை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. பக்கவாட்டில் வரும் சைக்கிளில் மோதுவதையும், படி தவறுவதையும் வயதின் கணக்கில் எழுதிவந்தார் அப்பா. அம்மா சமயபுரத்தாளுக்குக் கண்மலர் சாத்தினார். திருச்சியில் பரிசோதித்தபோது இடக்கண்ணின் நரம்பு பெரும்பாலும் பட்டுப்போயிருந்தது. பட்ட நரம்பைத் தளிர்க்கவைக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

அப்பா தனியர் அல்லர். திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 3,924 பேரைச் சோதித்து, சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். திறந்த கோண வகைக் கிளாக்கோமா 64 பேருக்கு இருந்தது. அதை முன்பே அறிந்திருந்தவர் ஒரே ஒருவர்! இந்த எண்ணைப் படித்த அன்று நாங்கள் வெகுநேரம் பேசிக்கொள்ளவில்லை.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பிரிட்டனில் 718 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. தொடக்கத்திலேயே லேசர் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு மூன்றாண்டுகள்வரை சொட்டுமருந்தே தேவைப்படவில்லை. ஆறாண்டுக் கணக்கிலும் அது 70-ஐ ஒட்டியே இருந்தது. தினமும் கை நடுங்க மருந்து விடுகிற முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மெல்பர்னில் 2020-இல் 57 பேரிடம் பி3 வைட்டமினைப் பரிசோதித்தார்கள். அழுத்தத்தைக் குறைப்பதை விட்டு, நரம்பையே காக்கும் முயற்சி அது. விழித்திரையின் செயல்பாட்டில் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. பெரிய ஆய்வுகள் தொடங்கியிருக்கின்றன. (அதற்குள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோர் உண்டு. அதிக அளவில் அது கல்லீரலைக் கெடுக்கக்கூடும்.)

ஆனால் லேசரும் வைட்டமினும், நோய் இருப்பதை அறிந்தவர்களுக்குத்தானே? பெற்றோர்க்கு வந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. கண்ணுக்கு உள்ளே நரம்பின் தலையைப் பார்ப்பது, அழுத்தம் அளப்பது, பார்வைப் புலத்தை அளப்பது: இவ்வளவுதான் சோதனை. பிள்ளைகள் நால்வரில் மூவர் சென்ற மாதம் திருச்சிக்குப் போய்வந்தோம். ஒருவருக்கு ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வளைகுடாவில் லாரி ஓட்டும் தம்பி, கண் நன்றாகத்தான் தெரிகிறது என்கிறான்.