பியோனிக்கு இடமில்லாத வளவு

போன வருஷம் ஒன்லைனில் பியோனி விதை வாங்கினேன். சின்னப் பொலித்தீன் பை, பத்து விதை, மேலே நீல நிறத்தில் ஒரு பூவின் படம். கல்யாண மேடைகளில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட பூ அது. இப்ப எங்கட ஊர் மேடைகளில் வைக்கிற துணிப் பூக்களில் உருண்டையாக, அடுக்கடுக்காக இருக்குமே, அதுதான் பியோனி. பெயர் தெரியாமலே எல்லாரும் அதுக்கு முன்னால நின்று போட்டோ எடுக்கிறோம்.

வாங்கிய பிறகு வாசிக்கிறது என்ட பழக்கம். பியோனிக்குக் குளிர் வேணும். மண்ணுக்குள்ள கிடக்கிற வேர், வாரக்கணக்கில் ஐந்து பாகை அளவு குளிரில் உறங்கி எழும்பினால்தான் மொட்டு வைக்கும். கல்முனைக்குடியில் மார்கழி மழை இரவில்கூட இருபது பாகைக்குக் கீழே போறது அபூர்வம். சரி, நுவரெலியா? அது 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கு. தை மாதத்தில் சில அதிகாலைகளில் புல்லில் உறைபனி பிடிக்கும். ஆனா கொஞ்ச நேரத்தில் வெயில் வந்து எல்லாத்தையும் கரைச்சுப் போடும். பியோனி கேட்கிற நீண்ட குளிர் அங்கேயும் இல்லை.

ஆனாலும் விடவில்லை. ஈரத் துணியில் விதையைச் சுற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். இரண்டாம் நாளே உம்மா கண்டுபிடிச்சிட்டா. "என்ன மகள் இது? மீனுக்குப் பக்கத்துல பூ விதையக் கொண்டு வந்து வெச்சிரிக்கி?" என்று கேட்டா. பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அதுக்குள்ள எனக்கு விஷயம் விளங்கியிருந்தது. உண்மையான பியோனி விதை கறுப்பாக, பட்டாணி அளவு பருமனில் இருக்கும். எனக்கு வந்தது கடுகு மாதிரி ஏதோ ஒன்று. நீல நிறப் பியோனி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. நல்லா ஏமாந்திட்டேன்.

ஆனா வாசித்ததில் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. பியோனியை ஓரிடத்தில் நட்டால் ஐம்பது வருஷத்துக்கு மேலேயும் அங்கேயே இருந்து பூக்குமாம். கிளப்பி வேறிடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வருஷம் பூக்காமல் அடம்பிடிக்கும். இதை உம்மாக்கு வாசித்துக் காட்டினேன். "இது நம்மட மூத்தம்மா மாதிரியெல்லோ" என்றா.

மூத்தம்மாட பூ பன்னீர் றோசா. வெளிர் ரோஸ் நிறம், நிறைய இதழ், வாசலுக்கு வரும்போதே மணக்கும். அவ பிறந்ததும் வாழ்ந்ததும் மௌத்தானதும் இந்த ஒரே வளவில்தான். எங்கட பக்கத்தில் கல்யாணம் முடிச்சால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் போறதில்லை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது பெற்றோர்ட கடமை. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கம்பஸில் வாசிக்கும்போது, நம்மட வீட்டுக் கதையை யாரோ வெளியில் நின்று சொல்ற மாதிரி இருந்தது.

2004 டிசம்பர் 26 எங்கட ஊரில் எல்லாக் கதையையும் இரண்டாக வெட்டின நாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கட வீட்டுச் சுவர் நின்றது, ஆனா வளவு முழுக்க உப்பு. கிணற்றை இறைத்து இறைத்துப் பார்த்தார்களாம். மணல் நிலத்தில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிய படையாக மிதக்குது. கூட இறைத்தால் கீழே இருக்கிற உப்புத்தான் மேலே ஏறும். இரண்டு மாரி மழை இறங்கின பிறகுதான் தண்ணியை வாயில் வைக்க முடிந்தது என்று உம்மா சொல்லுவா.

றோசா செத்துப் போனது. ஆனா அதுக்குப் பல வருஷத்துக்கு முன்னமே மூத்தம்மா அதில் ஒரு தடியை வெட்டிச் சம்மாந்துறையில் இருக்கிற தங்கச்சிக்குக் கொடுத்திருந்தா. கடல் அவ்வளவு தூரம் போகவில்லை. அங்கிருந்து வெட்டி வந்த தடிதான் இப்ப எங்கட வளவில் நிற்கிறது.

அதைப் பார்க்கிறது இப்ப என்ட வேலை. ஆறு மணித்தியால வெயில் வேணும். மணல் தண்ணியைப் பிடிக்காது என்பதால் தும்புத்தூளும் மக்கின ஆட்டுப் புழுக்கையும் கலக்க வேணும். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் அடியைச் சுற்றிப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து வைத்தால் ஈரம் நிற்கும். இலை ஓரம் கருகினால் அனேகமாக உப்பு. நல்ல தண்ணி நிறைய ஊற்றி உப்பைக் கீழே இறக்க வேணும். மாரியில் இலையில் கறுப்புப் புள்ளி வரும். அந்த இலைகளைப் பொறுக்கி எறியாவிட்டால் செடி மொட்டையாகிவிடும்.

இப்ப பிரச்சினை உப்பு இல்லை, இடம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு அதைத் தளர்த்தினாலும், கரையில் இருந்த எங்கட சொந்தங்கள் உள்ளுக்கு வந்துவிட்டார்கள். ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நாலாகியது. ராத்தாட வீடு ஒரு பக்கம் எழும்பிவிட்டது. மிச்சம் இருக்கிற மூலையில் என்ட வீடு. றோசா நிற்கிறது சரியாக அந்த மூலையில்.

எனக்கு வீடு வேணாம் என்று சொல்ல ஏலாது. சொல்லவும் விருப்பமில்லை. பெண்ணின் பெயரில் வீடு இருக்கிறது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று சின்ன வயதில் இருந்தே பார்த்து வந்திருக்கிறேன். அந்த வீட்டுக்காக வாப்பா எத்தனை வருஷம் வெளிநாட்டில் கிடந்தார் என்றும் தெரியும். ஆனா எனக்குக் கட்டுற வீட்டுக்காக மூத்தம்மாட பூவை வெட்டினால், அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிச் சந்தோஷமாக இருக்கிறது?

போன மாதம் போனில் வாப்பாக்கிட்டக் கேட்டேன். "முன்னுக்கு மூணடி விட ஏலுமா வாப்பா?"

"மூணடி விட்டா ஹோல் சின்னதாப் போயிடும் மகள்."

"பரவாயில்ல வாப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மேசனோட கதைச்சுப் பாக்கிறன்" என்றார். இன்னும் முடிவு வரவில்லை.

அதுக்கிடையில் மழை தொடங்கியதும் ஆறு தடி வெட்டினேன். பென்சில் மொத்தம், நாலு கணு, அடியில் சாய்வான வெட்டு. மணலும் தும்புத்தூளும் கலந்து நிழலில் வைத்தேன். இரண்டு அழுகிவிட்டது. நாலு தளிர்த்திருக்கிறது. ஒன்று ராத்தாக்கு, ஒன்று கம்பஸ் கூட்டாளிக்கு, ஒன்று திரும்பவும் சம்மாந்துறைக்கு. மற்றதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. மேசன் என்ன சொல்றார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.