கைமாறி வந்த சமாதானம்

எங்கள் சேகரத்தில் சபைகள் பல, ஐயர் ஒருவர்தான். அதனால் எங்கள் ஊர்க் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் திருவிருந்து ஆராதனை. மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியரே ஆராதனையை நடத்திவிடுவார். முதல் ஞாயிறன்று கூட்டம் அதிகம். இரண்டாம் மணி அடித்த பிறகு போனால் பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம்.

அந்த ஆராதனையில் காணிக்கை எடுப்பதற்கு முன்னால் ‘சமாதானம்’ கொடுப்பது என்று ஒன்று உண்டு. ஐயர் பீடத்தருகே நிற்பவரின் கையைப் பிடித்துக் கொடுப்பார். அவர் முன்வரிசைக்குக் கொண்டு வருவார். அப்படியே பெஞ்சு பெஞ்சாக, கை மாறிக் கை, கடைசி ஆள் வரைக்கும் வந்து சேரும். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மூடிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்களுக்கு அது விளையாட்டு. யார் கை சில்லென்று இருக்கிறது, யார் கையில் வியர்வை என்று பார்த்துக்கொண்டு சிரிப்போம். அப்பா கை மட்டும் பனைமட்டை மாதிரி சொரசொரவென்று இருக்கும்.

இந்த வழக்கம் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் புதிய திருவிருந்து முறைமையை எழுதியபோது இதையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் திருச்சபை உருவானதே பெரிய சமாதானக் கதைதான். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1919-ல் தரங்கம்பாடியில் பேச்சைத் தொடங்கி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றானார்கள். 28 வருஷம்! படித்தவர்கள், பக்தியுள்ளவர்கள், அவர்களுக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

எனக்கும் என் தம்பிக்கும் 11 வருஷம் ஆனது.

2012-ல் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இருந்தது ஒரு விளையும் ஒரு கிணறும். பாகம் பிரித்தபோது கிணறு என் பங்கில் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா வாய்மொழியாகச் சொன்னார் என்றான் தம்பி. பத்திரத்தில் அப்படி இல்லையே என்றேன் நான். ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள். பேச்சு முற்றி, அவன் மனைவி மக்கள் முன்னால் நான் ஒரு வார்த்தை விட்டேன். “அப்பா படுக்கையில கிடந்தப்போ நீ அஞ்சு பைசா செலவழிச்சியா?”

உண்மை என்ன? நான் வெளியூரில் வேலையில் இருந்தேன், மாதாமாதம் பணம் அனுப்பினேன். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தது, குளிப்பாட்டியது, ராத்திரி கண் விழித்தது எல்லாம் அவன். அதை அறிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். தண்ணீருக்காக வந்த சண்டை அதோடு வேறு சண்டையாகிவிட்டது.

பிறகு ஒரே கோயிலில் இரண்டு மூலை. அவன் எங்கே உட்காருகிறான் என்று பார்த்துவிட்டு நான் எட்டிப் போய் உட்காருவேன். கொரோனா வந்த பிறகு கையைத் தொட வேண்டாம், கும்பிட்டால் போதும் என்றார்கள். எல்லாரும் சங்கடப்பட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது எனக்குத் தெரியாதா? சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

2023-ல் ஒரு முதல் ஞாயிறு. கோயிலுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. ஒரு பெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னப் பையன் தள்ளி இடம் கொடுத்தான். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அவன் தம்பியின் பேரன். அந்தப் பக்கம் தம்பி. எழுந்து போகவும் முடியாது. சரி, பையனுக்குச் சமாதானம் கொடுத்தால் அவன் தாத்தாவுக்குக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். ஜெபம் முடிகிற நேரம் பார்த்து அந்தப் பையன் குனிந்து நழுவி, பெண்கள் பக்கம் ஆச்சியிடம் ஓடிவிட்டான்.

சபை ஊழியர் வந்து என் கையைப் பிடித்தார். சமாதானம் என்னிடம் வந்துவிட்டது. இனி நான் கொடுத்தால்தான் அடுத்தவருக்கு. தம்பிக்கு அப்பால் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் எங்கள் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்? நான் வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் இல்லை. கையை நீட்டினேன். தம்பி ஒரு நொடி பார்த்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தான். அப்பா கை மாதிரியே இருந்தது.

ஆராதனை முடிந்து இருவரும் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். “வாங்க அத்தான்” என்று அவன் மனைவி நாற்காலியை எடுத்துப் போட்டாள். மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்தவன் போல ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பாவப் பாத்தது நீதாண்டே. நான் அன்னைக்குப் பேசினது தப்பு” என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, “அதச் சொல்ல இவ்வளவு வருஷமாண்ணே?” என்றான். என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி வந்தது.

இப்போது திங்கள், புதன், வெள்ளி தண்ணீர் அவனுக்கு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன மாதம் மோட்டார் காயில் எரிந்தபோது செலவில் யார் பங்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் சத்தம் போட்டோம். ஆனால் அடுத்த முதல் ஞாயிறுக்கு முன்னால் கணக்கை முடித்துவிட்டோம்.

முன்பெல்லாம் மனம் மாறினால்தான் கை நீளும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கைதான் முதலில் நீண்டது. மனம் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது.