குறட்டை நிற்கும் நேரம்

குறட்டை விட்டு உறங்குபவரைக் கண்டால், "கவலையில்லாத மனிதர்" என்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறாகவும் இருக்கக்கூடும்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. குறுகிய வழியே காற்றுப் புகும்போது சதை அதிர்ந்து எழும் ஒலியே குறட்டை. அவ்வழி முழுதும் அடைபட்டால் மூச்சு 10 வினாடிக்கு மேலும் நின்றுபோகும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை திடுக்கிட்டு விழிக்கும். இரவெல்லாம் இப்படியே நிகழ்ந்தால், பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

குறட்டை விடுவோர் அனைவருக்கும் இந்நோய் இல்லை. ஆனால் உடற்பருமன், தடித்த கழுத்து, 50 வயதுக்கு மேற்பட்ட முதுமை, சிறிய தாடை, மது, தூக்க மாத்திரை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பெண்களைவிட ஆண்களுக்கே இது மிகுதி. உயர் இரத்த அழுத்தமும் ஓர் எச்சரிக்கை.

என் தந்தை லாரி ஓட்டுநர், வயது 52. அம்மாவின் தையல் நாடாவால் அவர் கழுத்தை அளந்தேன்: 43 செ.மீ. ஆண்களுக்கு 40 செ.மீ.க்கு மேல் இருந்தாலே கவனம் தேவை. "நடுவிலே சத்தம் நின்னுடும். நான்தான் தட்டி எழுப்புவேன்" என்றார் அம்மா. லாரியில் தட்டி எழுப்ப யார் இருக்கிறார்கள்?

"நோயின்னு சொல்லி வண்டியை விடச் சொன்னா, உன் படிப்பு என்னாகும்?" என்று அப்பா தயங்கினார். சிகிச்சை உண்டு என்று விளக்கினேன். எடையைக் குறைக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, காற்றழுத்தம் தரும் மூக்குக்கவசமும் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க ஒருவாறு இசைந்திருக்கிறார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் குறட்டை கேட்கலாம். ஓர் இரவு விழித்திருந்து, அது நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்