ஏறும் வலிமையும் இறங்கும் நிதானமும்

 

பெருநாளன்று உங்கள் இல்லத்துப் பாயசத்தில் முத்து முத்தாய்த் திரண்டு நிற்கும் ஜவ்வரிசி, அடுக்களைக்கு வருமுன் எவ்வழியே பயணம் செய்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கல்வராயன் மலைச் சரிவுகளில் தோண்டியெடுக்கப்படும் மரவள்ளிக் கிழங்கு, வளைந்து வளைந்து இறங்கும் பாதைகளைக் கடந்தே சமவெளியிலுள்ள சேகோ ஆலைகளைச் சேர்கிறது. அக்கிழங்கைச் சுமந்து வரும் டீசல் 'பிக்கப்' வண்டியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் வினவலாம். என் உடன்பிறந்த தம்பியின் பிழைப்பு அவ்வண்டியில்தான் இருக்கிறது.

வட்டிக் கடனுக்கு அஞ்சிய அவன், துணைவியின் நகைகளை விற்று, ஏற்கெனவே ஓடிய போலெரோ பிக்கப் ஒன்றை வாங்கினான். சில மாதங்கள் கழித்து ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தான்.

"அண்ணே, இஞ்சினை ட்யூன் செய்துவிட்டால் ஒவ்வொரு நடைக்கும் அரை டன் கூடுதலாக ஏற்றலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஆகுமாம். நீங்கள் கைமாற்றாகத் தந்தால் ஆறு மாதத்தில் அடைத்துவிடுவேன்" என்றான்.

மகளின் நிக்காஹ்வுக்கென நான் சேர்த்து வைத்திருந்த தொகையை அவன் அறிவான். "முதலில் வண்டியை நானே ஓட்டிப் பார்க்கிறேன், பிறகு பேசுவோம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதரஸாவுக்கு விடுமுறை. ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும், வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதிப் புறப்பட்டோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்தால் மலைப்பாதை தொடங்குகிறது. வெறும் வண்டியாதலால் பின்புற ஸ்பிரிங் பட்டைகள் விறைத்து நின்று, சிறு பள்ளத்துக்கும் எங்களைத் தூக்கிப் போட்டன. பாரத்துக்கென்றே செய்த வண்டிகளின் இயல்பு அது. ஆனால் ஏற்றத்தில் அவ்வண்டி காட்டிய பொறுமை என்னை வியக்க வைத்தது. நான்கு சிலிண்டர், 2,523 சி.சி. கொள்ளளவு, குதிரைத்திறன் 75 அளவில்தான். எனினும் குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை முழுதும் கைகொடுப்பதால், இரண்டாம் கியரில் அலறாமல், திணறாமல் வெள்ளிமலை வரை ஏறியது.

அங்கே ஒன்றரை டன் கிழங்கு ஏற்றினோம். இறங்கும்போதுதான் எனக்குப் பாடம் கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். "பிரேக்கையே நம்பாதீர்கள் அண்ணே! எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும்" என்று தம்பி எச்சரித்தான். அதற்குள் கருகிய வாடை எழுந்தது. மிதி வழக்கத்தைவிட ஆழமாய் இறங்கியது. ஓரமாக நிறுத்தி, சக்கரங்கள் ஆறும்வரை காத்திருந்தோம். என் கால் நடுங்கியதை மறைக்கவில்லை.

ஊர் திரும்பி, ஜும்ஆவுக்குப் பின் அந்த மெக்கானிக்கைச் சந்தித்து விவரம் கேட்டேன். டீசல் இஞ்சினில் வலிமையைத் தீர்மானிப்பது, உட்செலுத்தப்படும் எரிபொருளின் அளவு. முற்காலத்தில் பம்பின் ஸ்குரூவைத் திருகி அதைக் கூட்டினார்கள். இக்காலத்து 'காமன் ரெயில்' வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கணக்கிடுகிறது. அக்கணக்கை மாற்றி எழுதுவதே ட்யூனிங். டீசல் கூடும்போது அதை எரிக்கக் காற்றும் கூட வேண்டும், இல்லையேல் கரும்புகை. இரண்டையும் கூட்டினால் இழுவை கூடுவது மெய். கூடவே பிஸ்டன், டர்போ, கிளட்ச் ஆகியவற்றின் மீது சூடும் சுமையும் ஏறுவதும் மெய்.

"அப்படியானால் பிரேக்கின் வலிமையும் கூடுமா?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கி, "இல்லை ஹஜரத்! அது கம்பெனி கொடுத்தபடியேதான் இருக்கும்" என்றார். உண்மையைச் சொன்ன அவருக்கு நன்றி கூறினேன்.

சட்டமும் இதைத்தான் வலியுறுத்துகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றின் விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. 2019இல் வந்த திருத்தத்தின்படி அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் இடையூறு வரலாம்.

அன்றிரவு தம்பியிடம் ஒரு ஹதீஸை நினைவூட்டினேன். மதீனாவின் தோட்டமொன்றில் பெருமானார் (ஸல்) அவர்களைக் கண்டு ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்ததையும், அதன் காதோரம் தடவிக் கொடுத்து, அதைப் பட்டினி போட்டு ஓயாது உழைக்க வைத்த உரிமையாளரை நபியவர்கள் அல்லாஹ்வுக்கு அஞ்சுமாறு கண்டித்ததையும் அபூதாவூத் நூலில் காண்கிறோம். "ஒட்டகத்துக்கு வலித்தது, அழுதது. உன் வண்டி அழாது. அது தாங்காமற் போகும் நாளில் அழப்போவது உன் பிள்ளைகள்" என்றேன்.

பணத்தைக் கொடுத்தேன், ட்யூனிங்குக்கு அன்று. நான்கு சக்கரங்களுக்கும் புதிய பிரேக் லைனிங், பிரேக் ஆயில், பின்புறத்துக்கு இரு புதிய டயர்கள், டீசல் பில்டர், காற்று பில்டர் ஆகியவற்றுக்கு. அடைபட்ட காற்று பில்டரை மாற்றிய பிறகு ஏற்றத்தில் வண்டி முன்னிலும் இலேசாக ஏறியதாகத் தம்பியே சொன்னான். இழந்திருந்த வலிமையை மீட்க நேர்மையான பராமரிப்பே போதுமாயிருந்தது.

வாசகர்களே! அவன் வருமானம் உயர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அரை டன்னுக்கான கூலி அவன் கைக்கு வரவில்லை. அதனால் என் மீது சில வாரங்கள் மனத்தாங்கலும் கொண்டிருந்தான். ஆனால் மஃக்ரிபுக்குப் பின் தெருமுனையில் அந்த ஹாரன் ஒலி கேட்டதும் அவன் துணைவி 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லி அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றுகிறாள்.

உங்கள் வீட்டிலும் வண்டியை நம்பிப் பிழைக்கும் கணவரோ மகனோ இருக்கலாம். இன்று எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்குமுன், இன்று எவ்வளவு பாரம் ஏற்றினீர்கள், பிரேக்கைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஹலாலான சம்பாத்தியத்துடன் அவர்கள் அனைவரையும் பத்திரமாய் இல்லம் சேர்க்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.