நூல் கோக்கும் நேரம்

2007ஆம் ஆண்டு என் மகள் பிறந்தபோது மகப்பேற்று விடுப்பு 12 வாரங்கள். சட்டம் திருத்தப்பட்டு அது 26 வாரங்களானது 2017இல்தான். பதின்மூன்றாம் வாரம் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. பணிபுரிந்த தனியார் கல்லூரிக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஆறு ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் என் கையில் புத்தகத்தைவிட ஊசியே அதிகம் இருந்தது. அம்மா சீதனமாகக் கொண்டுவந்திருந்த மிதி தையல் இயந்திரம் எங்கள் மதுரை வீட்டிற்கு வந்து சேர்ந்தது. உறவில் எங்கு குழந்தை பிறந்தாலும் முன்புறம் நாடா வைத்த சட்டைகளும், முக்கோண அரைத்துணிகளும், நான்கு மடிப்பு விரிப்பும் என் பங்கு. பிறக்கும் முன் எதையும் தைத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே செய்தி வந்த நாளுக்கும் தொட்டிலிடும் நாளுக்கும் இடையில் முடித்தாக வேண்டும்.

புதுத்துணி ஆகாது. பலமுறை துவைத்து, கஞ்சியெல்லாம் போய், நைந்த பருத்திச் சேலைதான் பச்சிளம் தோலுக்கு ஏற்றது. அத்தையின் பழைய சுங்குடிச் சேலைகளே என் துணிக்கடை. தையல் விளிம்பு உள்ளே உறுத்தாதபடி வெளிப்பக்கம் வர வேண்டும். பொத்தான் வைக்கக் கூடாது. அறுந்தால் வாய்க்குள் போய்விடும். இவற்றையெல்லாம் எனக்கு எந்த நூலும் சொல்லித் தரவில்லை.

மகள் பகலில் உறங்கும் ஒன்றரை மணி நேரமே எனக்கானது. ஆனால் இயந்திரத்தின் ஓசை அவளை எழுப்பிவிடும். எனவே அவள் உறங்கும்போது வெட்டுவேன், கைத்தையல் போடுவேன்; விழித்திருக்கும்போது, காலி நூற்கண்டுகளை விளையாடக் கொடுத்துவிட்டு, மிதிப்பேன். இடையில் பால் பொங்கும், குக்கர் கூவும், தண்ணீர் வரும். ஒரு சட்டைக்கு மூன்று நாள்.

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வந்தார். நான் கடைசி மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று அத்தைதான் பதில் சொன்னார்.

"மருமக வேலைக்குப் போகல. வீட்டுல சும்மாதான் இருக்கா."

"நீங்கம்மா?"

"நானும் சும்மாதான்."

நான்கு பிள்ளைகளை வளர்த்தவர், அன்றும் விடியலில் எனக்கு முன் எழுந்து மாவரைத்தவர். அவர் என்னைச் சொன்னபோது வராத வலி, தம்மைச் சொன்னபோது வந்தது. கணக்கெடுப்பாளர் மீதும் பிழையில்லை. வீட்டுவேலை மட்டும் செய்பவர் வேலை செய்யாதோர் பிரிவில் சேர்வதே அந்தக் கணக்கின் விதி. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கூறியது. அதைப் படித்தபோது அத்தையின் "சும்மா" என்ற சொல்லுக்குக் கடைசியில் ஓர் எண் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டேன்.

2013இல் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பினேன். முதல் பாடம் நன்னூல் பாயிரம். நூல் என்பதன் பெயர்க்காரணத்தைப் பவணந்தியார் ஓர் உவமையால் விளக்குகிறார்: சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, மதி கதிர். முன்பெல்லாம் புலவனின் பெருமையாகவே அதை நடத்திவந்தேன். அன்று கரும்பலகை முன் சற்று நின்றேன். நூல் செய்வதென்றால் என்னவென்று சொல்ல வந்த இலக்கணப் புலவருக்கு, எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டாக ஒரு பெண்ணின் கைவேலைதான் தேவைப்பட்டிருக்கிறது. அவள் சும்மா இருந்தவளல்லள்.

அத்தை இப்போது இல்லை. அவருடைய கடைசிச் சுங்குடிச் சேலையைச் சென்ற மாதம்தான் வெட்டினேன், துறையில் இளைய தோழியின் குழந்தைக்காக. பொதி கிடைத்ததும் தொலைபேசியில் அழைத்தாள்.

"இன்னும் சில மாசம் வீட்டுல சும்மாதான் மேடம் இருக்கணும்."

"காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் குழந்தை அழுதது.