பிங் வருகிறது, பேச்சு வரவில்லை

செவ்வாய், பின்னிரவு 2.10

கைப்பேசி போட்ட சத்தத்தில் மனைவியும் எழுந்துவிட்டாள். கணக்குப் பிரிவின் டேட்டாபேஸ் சர்வர் பேச்சை நிறுத்திவிட்டதாம். கட்டிலிலிருந்து மேசைக்குப் பதினோரு எட்டு. நான் விளக்கு போடுவதில்லை என்பதால் குழந்தை மட்டும் தூக்கம் கலையாமல் கிடந்தது.

பிங் அடித்தேன், பதில் வந்தது. எஸ்.எஸ்.ஹெச். போட்டேன், இணைப்பு கிடைத்தது, அதோடு சரி. தன் பெயரைச் சொல்லும் முதல் வரிகூட வரவில்லை. பாதிச் சேதி இதிலேயே இருக்கிறது. பிங்குக்குப் பதில் சொல்வதும், 22-ஆம் போர்ட்டைத் தட்டினால் இணைப்பு கொடுப்பதும் இயங்குதளத்தின் மையமான கர்னலே பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்குமேல் பேச வேண்டியது எஸ்.எஸ்.ஹெச். நிரல். வாசலில் வாட்ச்மேன் வணக்கம் வைக்கிறார், வீட்டுக்குள் ஒருவரும் எழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி தீர்ந்திருக்கும், இல்லையென்றால் டிஸ்க் மாட்டிக்கொண்டிருக்கும்.

சர்வருக்குள்ளே பி.எம்.சி. என்று தனியாக ஒரு குட்டிக் கணினி உண்டு. பெரியது மயங்கிக் கிடந்தாலும் இது விழித்திருக்கும். அதன் பக்கத்தில் ‘ரிமோட் கன்சோல்’ அழுத்தினால், அம்பத்தூரில் இருக்கும் சர்வரின் திரை கோயம்புத்தூரில் அப்படியே தெரியும். தெரிகிறவர்களுக்கு. வருவது எழுத்தின் படம்; எழுத்து இல்லை. என் ஸ்கிரீன் ரீடர் என்.வி.டி.ஏ. “கிராஃபிக்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் ஓ.சி.ஆர். விசையைத் தட்டினேன். கறுப்புத் திரையில் பொடி எழுத்து. அது ‘எம்’மை ‘ஆர், என்’ என்று பிரித்துப் படித்தது. ‘மெர்னரி, மெர்னரி’ என்று நாலு தடவை கேட்ட பிறகுதான் உறைத்தது, மெமரி!

ஆனால் எந்த நிரல் தின்கிறது? அம்பத்தூரில் இரவு ஷிப்ட் பார்க்கும் பையனைக் கூப்பிட்டேன்.

“சார், ஸ்கிரீன் ஃபுல்லா என்னமோ ஓடிட்டே இருக்கு சார்.”

“என்ன போட்டிருக்குன்னு படிங்க தம்பி.”

“ஏதோ எர்ரர்தான் சார். ரீபூட் பண்ணிடட்டா?”

கண் தெரிந்தவர்களோடு எனக்குள்ள ஒரே தீராத வழக்கு இதுதான். பார்ப்பார்கள், படிக்க மாட்டார்கள். எழுத்தெழுத்தாகச் சொல்ல வைக்க ஏழு நிமிடம் ஆயிற்று. மெமரி போதாமல் கர்னல் ஒரு ஜாவா நிரலைக் கொல்கிறது, நம் ஆட்கள் எழுதிவைத்த காவல் ஸ்கிரிப்ட் அதை உடனே எழுப்பிவிடுகிறது, மறுபடி கொலை. ரீபூட் செய்து, அந்த ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் படுக்கும்போது மணி 3.40.

புதன்

ஏழு நிமிடமும் அந்தப் பையன் தயவில் போனது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இதற்கு வழி புதிதல்ல. ஆர்.எஸ்.232 என்ற சீரியல் இணைப்பை 1960-இலேயே வகுத்துவிட்டார்கள். அந்த இணைப்பில் போகும் எழுத்துகளை நெட்வொர்க் வழியே அனுப்பும் ஏற்பாடு, 2004-இல் வந்த ஐ.பி.எம்.ஐ. 2.0 தரத்தில் இருக்கிறது. கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் கன்சோலை சீரியல் போர்ட்டுக்கும் திருப்பி, வேகம் 1,15,200 என்று போட்டால் போதும். எழுத்து எழுத்தாகவே வரும்.

“படமே வருதே, இது எதுக்குங்க?” என்றார் மேலாளர். நேற்றைய ஏழு நிமிடத்தைச் சொன்னேன். அனுமதி கிடைத்தது.

மொத்தம் பதினான்கு சர்வர். சிலவற்றில் சீரியல் போர்ட்டை பயாஸில் போய் இயக்க வேண்டும். பயாஸோ மறுபடி படம்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை. பக்கத்து இருக்கைக்காரர் உட்கார்ந்து படித்துச் சொன்னார். நல்ல மனிதர், ஒரு வரியையும் விடாமல் படித்தார்.

வெள்ளி, மாலை 6.30

இன்று ஃபைல் சர்வர். லாகின் கேட்கிறது, பாஸ்வேர்டு வாங்கிக்கொள்கிறது, அப்புறம் அப்படியே நிற்கிறது. சீரியல் வழியே ரூட்டாக நுழைந்தேன். லோடு 140. சி.பி.யு.வோ 97 சதவீதம் சும்மா இருக்கிறது. ஊரே வரிசையில் நிற்க, கவுண்டரில் ஆள் கொட்டாவி விடுகிற மாதிரி.

லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்து உறைந்துபோன நிரல்களும் லோடு கணக்கில் சேரும். பட்டியலை எடுத்தேன். ‘டாப்’ கட்டளை எனக்கு ஆகாது. திரையை ஓயாமல் திருத்தி எழுதும், ஸ்கிரீன் ரீடர் உளறும். ‘பி.எஸ்.’ ஒரு தடவை எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். ஸ்கிரீன் ரீடருக்கு நான் வைத்திருக்கும் வேகத்தை மனைவி மிளகாய் அரைக்கிற மில் என்பாள். அந்த வேகத்தில் நிலை எழுத்து ‘டி’ என்று கேட்டது. எந்த டி? உறைந்த நிரலுக்கும் ‘டி’, யாரோ நிறுத்திவைத்த நிரலுக்கும் ‘டி’. தமிழில் எழுதினாலும் வித்தியாசம் கிடையாது! இருபது செல் பிரெய்ல் கருவியை இழுத்து விரலை வைத்தேன். டெல்லி டி என்றால் 1, 4, 5 புள்ளிகள்; தஞ்சாவூர் டி என்றால் 2, 3, 4, 5. விரலில் பட்டது டெல்லி. வரிசையாக அத்தனையும் டெல்லி, அதாவது உறைந்தவை.

அப்படியென்றால் ‘கில்’ போட்டாலும் போகும் என்ற உறுதியில்லை. டிஸ்க்கில் இடம் பார்க்க ‘டி.எஃப்.’ தட்டினால் அதுவும் அந்த வரிசையில் போய் நிற்கும். எல்லாம் காத்திருந்தது பேக்கப் பெட்டியிலிருந்து நெட்வொர்க் வழியே வரும் என்.எஃப்.எஸ். பகிர்வுக்காக. அந்தப் பெட்டிக்குப் பிங் இல்லை. மறுபடி அதே பையன்.

“நீலக் கேபிள் ஒண்ணு பாதி வெளியில வந்திருக்கு சார்.”

“எந்த போர்ட் தம்பி? எண்ணைப் படிங்க.”

“பதினெட்டு சார்.” உடனே படித்துவிட்டான்.

அழுத்திச் செருகச் சொன்னேன். பகிர்வு திரும்பும்வரை காத்திருக்கும் ஹார்டு மவுண்ட் என்பதால் எதையும் நான் தொடவேயில்லை; நின்ற நிரல்கள் தாமாக நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் லோடு 3. மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

சனி

பதினான்கில் பதின்மூன்றுக்கு சீரியல் கன்சோல் போட்டாயிற்று. மிச்சமுள்ள ஒன்றின் பயாஸ் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை. அதைப் போட்டவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது.