தேய்மானம்

தமிழ் சினிமாப் பாட்டுக்கு ஆகச் சிறந்த வருஷம் எது? ரொம்ப யோசிக்காமல் டக்கென்று ஒரு வருஷம் சொல்லுங்கள் பார்ப்போம்.

சொல்லிவிட்டீர்களா? இப்போது நான் உங்கள் வயசைச் சொல்கிறேன். அந்த வருஷம் உங்களுக்கு 13-லிருந்து 16-க்குள் இருந்திருக்கும். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். இது கிளி ஜோசியம் இல்லை. எந்த வயசுக்காரர்கள் எந்த வருஷத்துப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று ஸ்பாட்டிஃபை கணக்கை வைத்து 2018-ல் நியூயார்க் டைம்ஸில் ஒரு அலசல் வந்தது. ஆண்களுக்கு 13 முதல் 16 வயசுக்குள் வந்த பாட்டு. பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் முன்னால், 11 முதல் 14. அதுதான் கடைசிவரை கூட வருகிறதாம். அமெரிக்கக்காரனுக்கும் நாகர்கோவில்காரனுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் இந்தச் சண்டை டீக்கடையில் நடக்கும். ஒரு ரசவடை தீர்வதற்குள் மூன்று தலைமுறை மோதிக்கொள்ளும்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் எப்போதும் 1964 கட்சி. "கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை, படகோட்டி, சர்வர் சுந்தரம்... எல்லாம் ஒரே வருஷமாக்கும். எல்லாத்துக்கும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி. மறு வருஷம் ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு. அணையப்போற விளக்குன்னு சொல்லுவாவல்லா, அதுதான்" என்பார்.

அவரைவிட இருபது வயசு இளைய அண்ணன் ஒருவர் 1980-ஐ விட்டு இறங்க மாட்டார். ஜானி, நிழல்கள், மூடுபனி, நெஞ்சத்தைக் கிள்ளாதே என்று இளையராஜாவில் தொடங்கி, "இந்தப் பக்கம் எம்.எஸ்.வி-யும் விடல்லியே, வறுமையின் நிறம் சிவப்பு அந்த வருஷந்தானே" என்பார். "நடுவுல ஒருதலை ராகம்னு ஒண்ணு வந்து காலேஜ் பயலுவளைக் கிறுக்கனாக்கிச்சே, அது மட்டும் என்ன?" நிழல்கள் ஓடாத படமாச்சே என்று யாராவது கிண்டினால் பதில் தயார்: "படம் ஓடல. பாட்டு இன்னும் ஓடுதுல்லா!"

அடியேன் 1992. அப்போது எனக்கு 14 வயசு. அமெரிக்கக் கணக்கு என்னிடமும் தப்பவில்லை.

இந்த மூன்றுக்கும் நடுவில் நாலாவது ஆள் ஒருவர் புகுவார். இவர் எங்கள் ஜில்லாவுக்கே உரிய ரகம். "செம்மீன் வந்த 1965-ஐ விட்டுட்டு என்னடே பட்டியல் போடுதிய? சலீல் சௌத்ரி இசை, வயலார் பாட்டு. ஒரு வங்காளி வந்து கேரளத்துக் கடலைப் பாட வச்சான். அது ஒங்க கண்ணுல படலியா?" தமிழ்ப் பாட்டைப் பற்றித்தானே பேசுகிறோம் என்றால் கோபம் வரும். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர் - கொச்சி ராஜ்யம். மேற்கே திருவனந்தபுரம் ரேடியோ, கடலுக்கு அந்தப் பக்கம் சிலோன் ரேடியோ. 1950-களில் மத்திய மந்திரி பி.வி.கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது, தேசமே சிலோனுக்கு முள்ளைத் திருப்பியது. அக்கரையில் இருந்து அலை நேராக வந்து இறங்கும் எங்கள் ஊருக்குக் கேட்கவா வேண்டும்! 1984 அக்டோபர் 30-ல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. இத்தனை காதுகளோடு வளர்ந்தவர்களிடம் ஒரே ஒரு வருஷத்தைச் சொல்லச் சொன்னால் அடிதடி நடக்காமல் என்ன செய்யும்?

நான் பி.காம் படித்தவன். எதைப் பார்த்தாலும் கணக்காகப் பார்க்கிற வியாதி உண்டு. 'வருஷம்' என்பதே கணக்குப்பிள்ளைகள் வசதிக்காகப் போட்டுக்கொண்ட கோடு. வியாபாரம் ஒரு நாளும் மார்ச் 31-ல் நின்று ஏப்ரல் 1-ல் தொடங்குவதில்லை. பாட்டுக்கும் அப்படித்தான். படம் வருவதற்கு முன்பே ரெக்கார்டு வந்துவிடும். ரெக்கார்டு வந்தும் எங்கள் பக்கத்துக் கிராமத்துக்குப் படம் வர சில சமயம் அடுத்த வருஷம் ஆகும். இதில் எந்த வருஷத்துக் கணக்கில் எழுதுவது?

பட்டியலில் பெயர் எண்ணி ஜெயிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. என்னுடைய 1992-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மன்னன், ஏப்ரலில் சிங்காரவேலன், இரண்டும் இளையராஜா. தேவாவுக்கு அண்ணாமலை, மரகதமணிக்கு வானமே எல்லை. ஆகஸ்ட் 15-ல் ரோஜா, தீபாவளிக்கு தேவர் மகன். அந்த வருஷத்துக்கான தேசிய விருதுக் கமிட்டியில் கடைசியில் நின்றது இந்த இரண்டு படங்களின் இசைதான். ஓட்டு சரிசமம். தலைவராக இருந்த பாலு மகேந்திராவின் ஒற்றை ஓட்டு முடிவு செய்தது. மூடுபனியில் தொடங்கித் தமிழில் தொடர்ந்து இளையராஜாவோடு வேலை பார்த்துவந்த மனிதர் அவர். ஆனால், ஓட்டு விழுந்தது முதல் படம் பண்ணிய ஏ.ஆர்.ரஹ்மானுக்கு. அத்தனை விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து, ஒரே வருஷத்துக்குள் இரண்டு படத்தையே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் பிரிக்க முடிந்தது. டீக்கடையில் நாம் எந்தத் தராசைக் கொண்டு 1964-ஐயும் 1992-ஐயும் நிறுக்கப் போகிறோம்?

ஒருத்தரிடம் தராசு இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

குளச்சல் பக்கம் மைக் செட் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியாச்சு. 1972-ல் ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கரோடு தொழிலைத் தொடங்கியவர். தென்னை உச்சியில் குழாயைக் கட்டிவிட்டால் மூணு ஊருக்குக் கேட்கும். இந்து வீட்டுக் கல்யாணம், கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம், துலுக்க வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான். "மொதத் தட்டு மட்டும் மாறும் மக்கா. ஒரு வீட்டுல சீர்காழி, ஒரு வீட்டுல ஏசு பாட்டு, ஒரு வீட்டுல நாகூர் ஹனீபா. ரெண்டாவது தட்டுல இருந்து எல்லாருக்கும் ஒரே பாட்டுதான்" என்பார்.

அவர் வீட்டுப் பரணில் நான்கு தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டுகள். சமீபத்தில் ஒரு நாள் அவரிடம் இந்தக் கேள்வியைப் போட்டேன். "அண்ணாச்சி, எந்த வருஷம்?"

அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். "இங்கப் பாரு." தட்டு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஊசி ஓடி ஓடித் தேய்ந்த தடம். படகோட்டி. மீனவர் கதை, எம்.ஜி.ஆர் படம். கடற்கரையில் ஒரு விசேஷத்தில் அது இல்லாமல் விடமாட்டார்களாம். "இது மூணாவது தட்டு. மொத ரெண்டும் தேஞ்சே போச்சு." அடுத்து அன்னக்கிளி. அதுவும் சாம்பல். "நல்ல பாட்டு எதுன்னு எங்கிட்டக் கேக்காத. தட்டுகிட்டக் கேளு. ஜனங்க எதை மறுபடி போடச் சொன்னாவளோ அது தேஞ்சிருக்கும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று வருஷம் காலேஜில் தேய்மானம் என்று படித்ததெல்லாம் நஷ்டக் கணக்கு. மெஷின் தேய்ந்தால் மதிப்பு குறையும், லாபத்தில் கழிக்க வேண்டும். இங்கே தேய்மானம்தான் வரவு! தேயத் தேயத்தான் மதிப்பு. இந்த அளவுகோலை வைத்து ஒவ்வொரு வருஷமாகப் பார்த்து, டீக்கடை வழக்கைத் தீர்த்துவிடலாம் என்று நானும் உட்கார்ந்து தட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தேன்.

மூன்றாவது பெட்டியின் அடியில் சில தட்டுகள். மேலட்டைகூடக் கசங்கவில்லை. வெளியே எடுத்தால், மை மாதிரி கறுப்பாக மின்னுகின்றன. மூன்றாம் பிறை. பயணங்கள் முடிவதில்லை. வாழ்வே மாயம்.

நீங்கள் பாட்டு விஷயம் தெரிந்தவர் என்றால் இந்நேரம் வருஷத்தைப் பிடித்திருப்பீர்கள். 1982. இந்த மூன்றோடு காதல் ஓவியம், நினைவெல்லாம் நித்யா, சகலகலா வல்லவன், கோபுரங்கள் சாய்வதில்லை எல்லாம் அந்த ஒரே வருஷத்தில். பட்டியல் போட்டு வாதாடினால் 1982-ஐ அசைக்க முடியாது. ஆனால், அண்ணாச்சியின் தராசில் அதன் எடை பூஜ்யம். எப்படி?

"பிப்ரவரி கடைசியில கடன் வாங்கி எடுத்த தட்டு. பங்குனி போனா கல்யாண சீசன் வருதுல்லா. புதுப் பாட்டு கையில இருந்தாத்தான நம்மளக் கூப்பிடுவாவ" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

1982 மார்ச் 1. மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடை நேரம். கடற்கரையில் எழுந்த தகராறில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. அடுத்து வந்த நாட்களில் அது இந்து - கிறிஸ்தவர் கலவரமாகப் பக்கத்துக் கிராமங்களுக்கும் பரவியது. பின்னால் நீதிபதி வேணுகோபால் தலைமையில் கமிஷன் வைத்து விசாரித்தார்கள். எங்கள் ஜில்லாவில் ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மேற்பட்ட யாரிடமும் 1982 என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நினைவுக்கு வருவது பாட்டாக இருக்காது.

"அந்தச் சித்திரை, வைகாசி பூரா எனக்கு ஓட்டமே கெடையாது. கல்யாணம் நடந்துச்சு. ஆனா, சத்தம் போடாம நடந்துச்சு. அதுகூடப் பரவால்ல மக்கா. பத்து வருஷமா செட்டு கட்டுதேன், ஒருத்தரும் நான் யாரு ஆளுன்னு கேட்டதில்ல. அந்த வருஷம் கேட்டாவ. ரெண்டு பக்கமும் கேட்டாவ."

அண்ணாச்சி எந்தப் பக்கம் என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கும் அது வேண்டாம்.

மறு வருஷம் மெல்ல மெல்லக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்குள் புதுப் படம், புதுப் பாட்டு வந்தாச்சு. கேசட்டும் பரவியாச்சு. பழைய புதுத் தட்டுகள் பெட்டிக்கு அடியில் போய்விட்டன. கடனை மட்டும் மூணு வருஷம் அடைத்தாராம்.

நல்ல வருஷம் எது என்று கேட்கும்போது நாம் கோடம்பாக்கத்தை மட்டும்தான் பார்க்கிறோம். யார் மெட்டுப் போட்டார், யார் எழுதினார், யார் பாடினார். அங்கே பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி நம் தெருவில் நடக்க வேண்டும். கேட்கிற ஜனம் பயமில்லாமல் கூடி நிற்க வேண்டும். 'அண்ணே, அதை இன்னொரு தடவை போடுங்க' என்று எவனாவது பந்தலில் இருந்து குரல் கொடுக்க வேண்டும். 1982-ல் இளையராஜா தன் பங்கை வஞ்சனை இல்லாமல் செய்துவிட்டார். எங்கள் பங்குதான் பாக்கி.

அண்ணாச்சியிடம் பிளேயர் இன்னும் இருக்கிறது. ஊசிதான் இல்லை. நான் செல்போனை எடுத்து பயணங்கள் முடிவதில்லை பாட்டு ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்தேன். தலையைச் சாய்த்து முழுசாகக் கேட்டார். ஆயிரம் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்ட மனுஷன், ஒரு பாட்டைச் சும்மா உட்கார்ந்து கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முடிந்ததும் போனைத் திருப்பித் தந்துவிட்டு, "இது ஓடியிருக்கும் மக்கா. இது மட்டும் ரெண்டு தட்டு தேஞ்சிருக்கும்" என்றார்.

டீக்கடை வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. வாத்தியார் 1964-ஐ விடவில்லை, நானும் 1992-ஐ விடுவதாக இல்லை. உங்கள் வருஷத்தையும் எழுதி அனுப்புங்கள். ஆனால், வெறும் படப் பட்டியல் வேண்டாம். எந்தத் தெருவில், யார் வீட்டு விசேஷத்தில், யார் கட்டிய குழாயில் கேட்டீர்கள், பக்கத்தில் யாரெல்லாம் நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கணக்கு அப்போதுதான் டேலி ஆகும்.